கொல்லைக் கோழிகளும் அண்டை வீட்டு நாயும்

உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• வீட்டுக் கோழிகளுக்கு நாயால் நேரும் இடரையும் அதைத் தடுக்கும் வழிகளையும் படித்துப் பொருளுணர்தல்.
• அண்டை வீட்டாரிடம் ஒரு குறையைப் பண்புடன் எடுத்துரைக்கும் திறன் பெறுதல்.
• தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ஒத்த சொற்களை அறிந்து ஒப்பிடுதல்.

நுழையும்முன்

ஒரு வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். அடுத்த வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். இரு வீட்டாரும் தத்தம் உயிர்களை அன்புடன் பேணுகின்றனர். ஒருநாள் நாய் சுவரைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது? கோழியைக் காப்பதற்கும் அண்டை வீட்டாரின் நட்பைக் காப்பதற்கும் ஒருசேர வழி உண்டா? படித்தறிவோம்.

1. கொல்லையில் வளரும் செல்வம்

தமிழர் வாழ்வில் கோழிக்கு நெடுங்காலமாக இடமுண்டு. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பட்டினப்பாலையில் ஓர் இனிய செய்தி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து மகளிர், முற்றத்தில் உலரும் உணவுப்பொருளைத் தின்ன வந்த கோழியைத் தம் காதணியை எறிந்து விரட்டினர் என்பதே அச்செய்தி. அந்நகரின் செல்வச் செழிப்பைக் காட்ட வந்த இக்காட்சி, பெரிய துறைமுக நகரத்து வீட்டு முற்றத்திலும் கோழி உலவியதை நமக்குத் தெரிவிக்கிறது.

இன்றும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பல வீடுகளின் கொல்லையில் கோழிகளைக் காணலாம். வீட்டையொட்டிய இடத்தில் சில கோழிகளை மட்டும் வளர்ப்பதைப் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பர். கருநிற இறகுகளில் நீலம் மின்னும் தலச்சேரிக் கோழி கேரளத்திற்கே உரிய நாட்டினமாகும். திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் உருவாக்கப்பட்ட கிராமலட்சுமி, கிராமஸ்ரீ ஆகிய இனங்களையும் மக்கள் விரும்பி வளர்க்கின்றனர். திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் அரசுக் கோழிப்பண்ணை ஒன்று உள்ளது. கெப்கோ எனச் சுருக்கமாக வழங்கும் கேரள மாநிலக் கோழி வளர்ப்புக் கழகம், பள்ளி மாணவர்களுக்கும் கோழிக்குஞ்சுகளை வழங்கி வளர்க்கச் செய்திருக்கிறது.

புறக்கடைக் கோழி வளர்ப்பிற்குப் பெரும் முதல் தேவையில்லை. சமையலறையில் மிஞ்சும் சோறு, சிந்திய அரிசி, கீரைத் தண்டு, மண்ணில் கிடைக்கும் புழு பூச்சி ஆகியவையே கோழிக்குப் பெரும்பங்கு உணவாகிவிடும். நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகள் வரை இடும். ஐந்து பெட்டைக்கோழிகள் இருந்தால் ஆண்டுக்கு 300 முதல் 400 முட்டைகள் கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகள் உண்டது போக எஞ்சியவற்றை விற்றால், குறிப்பேடும் எழுதுகோலும் வாங்கும் செலவிற்கு ஆகும். வெளியூரிலிருந்து வந்து உழைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய உதவியன்று.

ஆகவே ஒரு கோழியை இழப்பது ஒருநாள் இழப்பாக முடிவதில்லை. புதிதாக ஒரு குஞ்சை வாங்கினாலும் அது வளர்ந்து முட்டையிட ஐந்து ஆறு மாதங்கள் ஆகும். இழந்தது அடைக்கோழியாக இருந்தால், 21 நாள்கள் அடைகாத்துப் பொரிக்க வேண்டிய முட்டைகளும் வீணாகும். குஞ்சுகளுடன் திரியும் தாய்க்கோழியாக இருந்தால், சிறகின் வெப்பத்தை இழந்த குஞ்சுகள் மழையிலும் குளிரிலும் வாடும். அதனால்தான் கோழியைப் பறிகொடுத்த வீட்டில் வருத்தமும் சினமும் மிகுதியாக எழுகின்றன.

2. நாய் ஏன் துரத்துகிறது?

நாய் பசியால்தான் கோழியைப் பிடிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. வயிறு நிறைய உண்ட நாயும் கோழியைத் துரத்தும். நாயின் முன்னோர் ஓநாய்கள். ஓடுவதைத் துரத்திப் பிடிக்கும் இயல்பு அவற்றிடமிருந்து நாய்க்கு வந்தது. மனிதரும் அவ்வியல்பை வளர்த்திருக்கின்றனர். தென்தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாயினங்கள் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை அல்லவா?

நாயைக் கண்டதும் கோழி அஞ்சிச் சிறகடிக்கிறது, கொக்கரித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த ஓட்டமும் ஓசையும் நாயின் துரத்தும் இயல்பை மேலும் தூண்டுகின்றன. ஒரு கோழியைக் கவ்விக் கீழே போட்டதும், அருகில் ஓடும் மற்றொரு கோழி நாயின் கண்ணில் படுகிறது. உடனே அதன்மேல் பாய்கிறது. இவ்வாறு சிறிது நேரத்தில் பல கோழிகள் மடிகின்றன. அவற்றுள் ஒன்றையும் நாய் தின்னாமல் போவதும் உண்டு. பல் படாத கோழிகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி மூச்சுமுட்டியோ, அதிர்ச்சியினாலோ இறப்பதுண்டு.

நாய் பகைமையால் இதைச் செய்வதில்லை. கோழி யாருடையது, சுவர் யாருடையது என்று அதற்குத் தெரியாது. வீட்டில் குழந்தையின் மடியில் தலைவைத்து உறங்கும் அதே நாய்தான் கொல்லையில் கோழியைக் கவ்வுகிறது. இதை உணர்ந்தால் சினம் சற்றுத் தணியும். என்ன செய்ய வேண்டும் என்னும் தெளிவும் பிறக்கும்.

திருவனந்தபுரத்தில் இச்சிக்கல் மிகுதியாக எழுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 382 பேர் வாழ்ந்தனர். கேரளத்தில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 860. திருவனந்தபுரம் மாவட்டத்திலோ 1,500-க்கும் மிகுதி. நான்கைந்து சென்ட் நிலத்தில் ஒரு வீடு, அதை ஒட்டியே மற்றொரு வீடு என நெருங்கி வாழும் ஊரில், ஒருவர் கொல்லை மற்றவர் கொல்லைக்கு எட்டிப்பிடிக்கும் தொலைவிலேயே இருக்கிறது. எனவே கோழியைக் காக்கும் முயற்சி நாய் வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

3. இரவைக் காக்கும் கூண்டு

கோழிக்கு இருளில் பார்வை மங்கிவிடும். அதனால் பொழுது சாயும்போதே உயரமான இடம் தேடி அமர்கிறது. காட்டுக்கோழிகள் மாலையில் மரக்கிளையில் ஏறி அடைவதும் இதனாலேயே. வீட்டுக்கோழி இந்த இயல்பை இன்னும் மறக்கவில்லை. நல்ல கூண்டு என்பது இவ்வியல்பிற்கு ஏற்ப அமைந்த கூண்டே ஆகும்.

ஒரு கோழி இரவில் தங்க ஏறத்தாழ இரண்டு சதுர அடி இடம் போதும். ஆறு கோழிகளுக்குப் பன்னிரண்டு சதுர அடி வேண்டும். அதாவது நான்கு அடி நீளமும் மூன்று அடி அகலமும் உள்ள கூண்டு அமைக்கலாம். கூண்டைத் தரையில் வைக்காமல், இரண்டு மூன்று அடி உயரமுள்ள கால்களின்மீது நிறுத்துவது நல்லது. தரையைத் தோண்டி நுழையும் நாய்க்கு அப்போது வழியில்லை. மழைநீரும் உள்ளே புகாது. கூண்டினுள்ளே குறுக்காக ஒரு கழியைப் பொருத்தினால் கோழிகள் அதன்மீது அமர்ந்து அமைதியாக உறங்கும்.

கம்பிவலையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. கடைகளில் கோழிவலை என்னும் பெயரில் விற்கப்படும் அறுகோணக் கண்களையுடைய மெல்லிய வலை, கோழியை உள்ளே நிறுத்தவே பயன்படும். நாயை வெளியே நிறுத்தாது. வலிய நாய் அதைப் பல்லாலும் நகத்தாலும் கிழித்துவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட தடித்த வலையே ஏற்றது. அதன் கண்கள் அரை அங்குலமாக இருந்தால் கீரியும் மரநாயும்கூட உள்ளே நுழைய முடியாது. கேரளத்தில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையும், அக்டோபரில் வரும் துலாவர்ஷ மழையும் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே துத்தநாகம் பூசிய கம்பியை வாங்க வேண்டும். ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன்பு அதை இழுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

கதவின் தாழ்ப்பாள் சிறியதாயினும் கூண்டின் உயிர் அதிலேயே இருக்கிறது. கயிற்றால் கட்டிய கதவை நாய் மூக்கால் முட்டித் திறந்துவிடும். கொண்டியும் தாழும் உள்ள கதவே பாதுகாப்பானது. மாலையில் கோழிகளை எண்ணிக் கூண்டை அடைப்பதை வீட்டில் ஒருவர் தம் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் இப்பொறுப்பை ஏற்பது சிறப்பு.

4. பகலைக் காக்கும் வேலி

பகலில் கோழி மேய வேண்டும். மண்ணைக் கிளறி, வெயில் காய்ந்து, புழுதியில் குளித்தால்தான் அது நலமாக வாழும். நாள் முழுவதும் கூண்டில் அடைத்து வைப்பது புறக்கடை வளர்ப்பின் பயனையே கெடுத்துவிடும். ஆகவே மேயும் இடத்தைச் சுற்றி வேலி தேவை.

வேலி ஐந்து அல்லது ஆறு அடி உயரம் இருந்தால் பெரும்பாலான நாய்கள் தாண்ட மாட்டா. எனினும் நாய் தாண்ட முயல்வதைவிடத் தோண்ட முயல்வதே மிகுதி. வேலியின் அடியில் ஒன்றரை அடி அகலமுள்ள கம்பிவலையை வெளிப்புறமாகத் தரையில் விரித்து, அதன்மேல் கற்களை அடுக்கி வைக்கலாம். வேலியோரத்தில் தோண்டத் தொடங்கும் நாயின் நகம் வலையில் படும். பின்னால் நகர்ந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. வெட்டுக்கல் மதில் உள்ள வீடுகளில் மழைநீர் வடியும் துளைகளையும், கற்கள் பெயர்ந்த இடைவெளிகளையும் அடைப்பது முதல் வேலையாகும்.

வாடகை வீட்டில் வாழ்வோர் நிலையான வேலி அமைக்க இயலாமல் போகலாம். வீட்டு உரிமையாளரின் இசைவும் அதற்குத் தேவை. அத்தகையோர் இடம் மாற்றக்கூடிய கம்பிக்கூண்டு ஒன்றைச் செய்து, அதனுள் கோழிகளை மேயவிடலாம். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் சிறிது நேரம் மூடி வைக்க, தென்மாவட்டங்களில் பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையைப் பயன்படுத்துவர். பஞ்சாரம் பருந்தையும் காகத்தையும் தடுக்கும். ஆயினும் நாய் அதை எளிதில் கவிழ்த்துவிடும். ஆகவே ஆள் அருகில் இருக்கும்போது மட்டுமே அதை நம்பலாம்.

5. சுவருக்கு இருபுறமும்

கூண்டும் வேலியும் பாதி வேலையே செய்யும். மீதி வேலையைச் சொல் செய்ய வேண்டும். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருநெல்வேலியிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பம் அது. தந்தை சாலைக் கடைத்தெருவில் சுமைப்பணி செய்கிறார். தாய் ஆறு கோழிகள் வளர்க்கிறார். மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். ஒருநாள் மாலை அண்டை வீட்டு நாய் சுவரின் இடைவெளி வழியே புகுந்து இரண்டு கோழிகளைக் கடித்துக் கொன்றுவிடுகிறது.

தாய்க்கு வருத்தம் மிகுகிறது. ஆனால் சென்று கேட்கத் தயக்கம். “நாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள். மலையாளமும் சரளமாக வராது. கேட்டால் சண்டையாகிவிடுமோ?” என்று அஞ்சுகிறார். தந்தையோ சினத்துடன், “அந்த நாய் மறுபடி வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். மகள் இருவரையும் பார்த்துச் சொல்கிறாள்: “அம்மா, நீங்கள் தமிழில் சொல்லுங்கள். நான் மலையாளத்தில் சொல்கிறேன். அப்பா, நீங்களும் வாருங்கள்.”

மறுநாள் காலையில் மூவரும் அண்டை வீட்டிற்குச் செல்கின்றனர். அங்கே நிகழும் உரையாடலைப் படிக்க.

தாய் : சேச்சி, சற்று நேரம் பேசலாமா?

அண்டை வீட்டார் : வாருங்கள், உட்காருங்கள். என்ன செய்தி?

தாய் : நேற்று மாலை ஐந்து மணியளவில் உங்கள் நாய் எங்கள் கொல்லைக்குள் வந்துவிட்டது. இரண்டு கோழிகள் இறந்துவிட்டன. ஒன்று அடைக்கு வைத்திருந்த கோழி.

அண்டை வீட்டார் : எங்கள் நாயா? அது யாரையும் ஒன்றும் செய்யாதே! தெருநாயாக இருக்கும்.

மகள் : நான் நேரில் பார்த்தேன் ஆன்ட்டி. கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது. சுவரில் கல் பெயர்ந்த இடத்தின் வழியாகத்தான் திரும்பிச் சென்றது. மண்ணில் அடித்தடமும் இருக்கிறது.

அண்டை வீட்டார் : (சிறிது நேரம் பேசாமல் இருந்து) அப்படியா மோளே? மாலையில் அவிழ்த்துவிடும் வழக்கம் உண்டு. சுவரின் பக்கம் நான் கவனிக்கவில்லை.

தந்தை : அந்தச் சுவரை அடைக்கக் கல்லும் சிமெண்டும் நீங்கள் தந்தால், வேலையை நானே செய்து தருகிறேன்.

தாய் : நாய் நல்ல நாய்தான் சேச்சி. அதன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. நீங்கள் மாலையில் அவிழ்த்துவிடும் நேரத்தைச் சொன்னால், அதற்குள் நாங்கள் கோழிகளை அடைத்துவிடுவோம்.

அண்டை வீட்டார் : ஆறு மணிக்குமேல் அவிழ்க்கிறேன். இறந்த கோழிகளுக்கு உரிய விலையையும் தருகிறேன். மறுக்காதீர்கள்.

இவ்வுரையாடலில் தாய் என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன இழப்பு என்பவற்றை மட்டும் கூறினார். “உங்கள் நாய் கொலைகார நாய்” என்று பழிக்கவில்லை. அண்டை வீட்டார் மறுத்தபோது மகள் குரலை உயர்த்தவில்லை. தான் கண்ட சான்றைக் கூறினாள். தந்தை தம் உழைப்பைத் தர முன்வந்தார். எல்லா வீட்டாரும் இவ்வளவு எளிதில் உடன்படுவர் என்று கூற இயலாது. உடன்படாதபோது, நாளும் நேரமும் குறித்து எழுதி வைத்து, படம் எடுத்து, பகுதி உறுப்பினரிடமோ ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலோ முறையிடலாம். வெளியூரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இவ்வுரிமை உண்டு.

6. சட்டம் கூறுவது என்ன?

சினத்தில் சிலர் நஞ்சு கலந்த உணவைக் கொல்லையில் வைக்க எண்ணுகின்றனர். இது பெருங்குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வதையும் நஞ்சிடுவதையும் உறுப்புக் குறையாக்குவதையும் குற்றமாக்குகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். மேலும் நஞ்சு ஆளறிந்து தாக்குவதில்லை. நாய்க்கு வைத்ததைக் காகமும் பூனையும் தின்னும். காக்க நினைத்த கோழியே அதைக் கொத்தும். தவழும் குழந்தையின் கைக்கும் அது எட்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிகழ்ந்த ஒரு கொடுமையை இங்கு நினைவுகூர வேண்டும். 2021 ஜூன் மாத இறுதியில் அடிமலத்துறைக் கடற்கரையில் புருனோ என்னும் வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. அந்தக் கொடுமை நாடெங்கும் பேசப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்குப் பதிந்து, அவ்வழக்கிற்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. வளர்ப்பு விலங்குகளை உள்ளாட்சி அமைப்புகளில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அவ்வழக்கில் நீதிமன்றம் வலியுறுத்தியது. வாயில்லா உயிருக்கும் நீதி கேட்க ஓர் இடம் உண்டு என்பதை அது காட்டியது.

நாய் வளர்ப்போருக்கும் சட்டம் கடமைகளை விதிக்கிறது. தம் விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு காக்கத் தவறுவது, முன்கூறிய சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி குற்றமாகும். அதற்காக நாயை எப்போதும் கட்டியே வைக்கலாமா? கூடாது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் கொடுமை என்கிறது. எப்போதும் கட்டப்பட்டிருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராததையும் அவ்வாறே கருதுகிறது. நாள்தோறும் வாரைப் பிடித்து நடக்க அழைத்துச் செல்லப்படும் நாய் அமைதியடையும். குட்டியாக இருக்கும்போதே கோழிகளின் அருகில் அமரப் பழக்கினால் பல நாய்கள் துரத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். ஆயினும் பழகிய நாயையும் கோழிகளுடன் தனியே விடாதிருப்பதே அறிவுடைமை.

7. கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை

கோழியைக் காக்கும் பதற்றத்தில் நாயின் வாயிலிருந்து அதைப் பிடுங்கப் பிள்ளைகள் முயலக் கூடாது. உரத்த குரலில் பெரியவர்களை அழைக்க வேண்டும். நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் வழலை கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டக் கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக அரிது. உரிய காலத்தில் போடும் தடுப்பூசி உயிரைக் காக்கும். கடித்தது பழகிய வீட்டு நாய்தானே என்று வாளா இருத்தல் கூடாது.

அந்தக் குடும்பத்தின் கொல்லையில் இப்போது நான்கு கோழிகள் இருக்கின்றன. சுவரின் இடைவெளி அடைக்கப்பட்டுவிட்டது. மாலை ஐந்தரை மணிக்கு மகள் கோழிகளை எண்ணிக் கூண்டில் அடைத்துத் தாழிடுகிறாள். ஆறு மணிக்குச் சுவருக்கு அப்பால் சங்கிலி அவிழும் ஓசை கேட்கிறது.

சொல்லும் பொருளும்

கொல்லை – வீட்டின் பின்புற நிலம்
இடர் – துன்பம், ஆபத்து
பேணுதல் – போற்றிக் காத்தல்
அடைக்கோழி – முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாக்கும் கோழி
கொண்டி – தாழ்ப்பாளை மாட்டும் வளையம்
பஞ்சாரம் – கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடை
வெட்டுக்கல் – வெட்டி எடுக்கப்படும் செம்பாறைக் கல்
இசைவு – ஒப்புதல்
வழலை – சோப்பு
வாளா – ஒன்றும் செய்யாமல்

தெரிந்து தெளிவோம்

தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள். கோழி, வேலி, முற்றம், கூடு, கீரி ஆகிய சொற்கள் இரு மொழிகளிலும் வழங்குகின்றன. தமிழில் முட்டை என்பது மலையாளத்தில் முட்ட ஆகும். தமிழில் பெட்டைக்கோழி, மலையாளத்தில் பிடக்கோழி. தமிழில் சேவல், மலையாளத்தில் பூவன்கோழி.

சில சொற்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் பொருள் வேறுபடும். தமிழில் பட்டி என்றால் ஆடுமாடுகளை அடைக்கும் இடம், சிற்றூரையும் குறிக்கும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அதனால்தான் தமிழர் மரநாய் என்று கூறும் விலங்கை மலையாளிகள் மரப்பட்டி என்கின்றனர்.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கோழி முட்டை பொரிக்க ஆகும் நாள்கள்
(அ) 15 (ஆ) 21 (இ) 30 (ஈ) 45

2. கேரளத்திற்கு உரிய நாட்டுக்கோழி இனம்
(அ) தலச்சேரி (ஆ) சிப்பிப்பாறை (இ) கன்னி (ஈ) மண்ணுத்தி

3. ‘வாயில்லா உயிர்’ என்னும் தொடர் குறிப்பது
(அ) பேசாத குழந்தை (ஆ) விலங்கு (இ) மரம் (ஈ) ஊமை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. வயிறு நிறைந்த நாயும் கோழியைத் துரத்துவது ஏன்?
2. கோழிக்கூண்டைக் கால்களின்மீது நிறுத்துவதால் விளையும் நன்மைகள் யாவை?
3. மெல்லிய கோழிவலை நாயைத் தடுக்கப் பயன்படாதது ஏன்?
4. புருனோ வழக்கு எங்கு நிகழ்ந்த செயல் தொடர்பானது?

இ. ஒரு பத்தியளவில் விடை எழுதுக.

1. நாய்க்கு நஞ்சு வைப்பது தவறு என்பதற்குப் பாடம் கூறும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. உரையாடலில் தாய், தந்தை, மகள் ஆகியோர் பேசிய முறையை விளக்குக. அவர்களுள் யாருடைய பேச்சு அண்டை வீட்டாரின் மனத்தை மாற்றியது என்று கருதுகிறீர்? ஏன்?

ஈ. கணக்கிடுக.

ஒரு வீட்டில் ஒன்பது கோழிகள் உள்ளன. ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும் எனில், கூண்டின் பரப்பளவு எவ்வளவு இருக்க வேண்டும்? கூண்டின் அகலம் மூன்று அடி எனில் நீளம் எவ்வளவு?

மொழியை ஆள்வோம்

1. பொருத்தமான ஒலிமரபுச் சொல்லை எழுதுக.
நாய் ________. சேவல் ________. கோழி ________. காகம் ________.

2. பின்வரும் தொடர்களைப் பண்பான முறையில் மாற்றி எழுதுக.
(அ) உன் நாயை ஒழுங்காகக் கட்டிப்போடு.
(ஆ) உங்கள் கோழியால் எங்கள் தோட்டமே பாழாகிவிட்டது.

3. உங்கள் பகுதியில் சுவர் இடிந்து நாய்கள் வீட்டுக் கொல்லைகளுக்குள் புகுவதைக் குறிப்பிட்டு, அதைச் சீர்செய்ய வேண்டிப் பகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் தாத்தா, பாட்டி அல்லது ஊரிலுள்ள உறவினரிடம் பேசி, அவர்கள் ஊரில் கோழிக்கூண்டு, கோழிக்கூடை, கோழித் தீனி ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்க. உடன் பயிலும் மாணவர்களின் ஊர்ச்சொற்களோடு அவற்றை ஒப்பிட்டு வகுப்பில் கூறுக.